நூறு மீட்டருக்குள்

சிங்கமேடு
11.8.2024

அன்புள்ள சுகாசினிக்கு,

மணிவண்ணன் எழுதுவது. என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். ராஜவேலு மச்சானுக்குப் போன் செய்து, உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். "அது பேசாதுப்பா, நீ வேற எதனா பாரு" என்றார். உன் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. சத்யராஜின் ஷேர் ஆட்டோ தினமும் ஐயம்பேட்டை வழியாகத்தான் போகிறது. அதனால் இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ப்ரியாவின் புத்தகப் பையும் கூட வருகிறது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. பிழை இருந்தால் சிரிக்காதே.

ஒரு தடவை என் பக்கத்தை முழுசாகக் கேள். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் வாயை மூடிக்கொள்வேன். தாளில் குறுக்கே பேச முடியாது.

கோயிலைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. நான் போட்ட சட்டம் இல்லை இது. நம் தெரு முழுக்க அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. யாராவது கட்ட ஆரம்பித்தால் படம் எடுத்துத் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்புவது காவலாளியின் வேலை. நான்தான் காவலாளி. சம்பூர்ணம் அக்கா தன் வீட்டுப் பின்பக்கம் குளியலறைக்குச் சுவர் எழுப்பினார். இடுப்பு உயரம் வரும்வரை பார்க்காத மாதிரிதான் இருந்தேன், உனக்கும் தெரியும். அப்புறம் மேற்பார்வையாளர் வருகிறார் என்று போன் வந்தது. அவர் கண்ணில் சுவர் பட்டால் முதலில் போவது என் வேலை. என்னை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரனுக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். படம் எடுத்தேன். ஒளிந்து நின்று எடுக்கவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன்.

நீயும் ப்ரியாவும் கிளம்பிய பிறகு தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு முன்னால் இருக்கிறவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிடுகிறார்கள், ஏதோ பெரிய அதிகாரி வந்த மாதிரி. அது திட்டுவதைவிட மோசமாக இருக்கிறது.

நீ அந்தப் படத்துக்காகப் போனாயா, ப்ரியா விஷயத்துக்காகப் போனாயா, இரண்டுக்கும் சேர்த்தா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எப்போது வருகிறீர்கள் என்று மட்டுமாவது எழுது.

மணிவண்ணன்

*

ஐயம்பேட்டை
15.8.2024

ப்ரியாவின் அப்பாவுக்கு,

பை வந்தது. வேதியியல் புத்தகம் அதில் இல்லை. டிவி மேல் இருக்கும், அனுப்பவும்.

ஏன் போனேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் குழாயடியைப் பற்றி அவ்வளவு எழுதினீர்கள், மகளைப் பற்றி "ப்ரியா விஷயம்" என்று இரண்டு வார்த்தை எழுதினீர்கள். அதற்காகத்தான் போனேன்.

அந்த விஷயத்தை நானே எழுதுகிறேன். நம் வீட்டில் குளிப்பது என்றால் பின்பக்கம் நாலு கம்பு நட்டுக் கீற்று கட்டிய மறைப்பு. மேலே ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷம் மேலே இருந்து பார்க்கக் காக்காய் தவிர யாருமில்லை. ஜூன் மாதம் கோயிலைப் படம் எடுக்க வந்த பையன்கள் ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். கோபுரத்தைச் சுற்றி, சிங்கத்தூண் மண்டபத்தைச் சுற்றி, அப்படியே நம் தெரு மேலே. அவர்கள் இணையத்தில் போட்ட வீடியோவில் நம் பெண் குனிந்து தலை அலசிக்கொண்டிருக்கிறாள். முகம் தெரியவில்லை. முதுகெல்லாம் பரவிய அந்த முடி மட்டும் தெரிகிறது. வகுப்பில் ஒருவன் பார்த்தான், அந்த இடத்தை மட்டும் வெட்டி எல்லோருக்கும் அனுப்பினான். சிங்கமேட்டில் அவ்வளவு முடி வேறு யாருக்கு இருக்கிறது?

நீங்கள் புகார் கொடுத்தீர்கள், அந்த வீடியோவை எடுத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் உங்களிடம் கேட்டது கூரை போட்ட ஒரு குளியலறை. "கட்டக் கூடாது சுகா" என்றீர்கள். அழுதபோதும் அதையே சொன்னீர்கள். கோயில் வாசலில் இருக்கும் அந்த நீல நிறப் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுகிற மாதிரி.

இன்னொன்று. சம்பூர்ணம் அக்கா ஏன் திடீரென்று கட்ட ஆரம்பித்தார் தெரியுமா? அன்று நான் அவர் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். "உன் ஊட்டுக்காரன் கட்ட மாட்டான், அவன் உத்தியோகம் அப்பிடி. நான் கட்டுறேன். என் மருமவளும் குளிக்கட்டும், ப்ரியாவும் வந்து குளிக்கட்டும்" என்றார். நீங்கள் படம் எடுத்து அனுப்பியது உங்கள் மகளுக்காக எழும்பிய சுவர்.

இப்போது பிடிபடுகிறதா?

சுகாசினி

*

சிங்கமேடு
1.9.2024

அன்புள்ள சுகாசினிக்கு,

உன் கடிதத்தைக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒரு குடும்பம் படம் எடுக்க வந்து, என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னது. நகர்ந்து நின்று மறுபடி படித்தேன்.

அந்தச் சுவர் ப்ரியாவுக்கும் சேர்த்து என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். பதில் வரவில்லை. அதனால் நீ சொல்லவில்லை என்று உன்மேல் பழி போடவும் முடியவில்லை.

அக்கா வீட்டுக்குப் போனேன். நோட்டீஸ் வந்துவிட்டது. கட்டியதை அவர்களே இடிக்க வேண்டுமாம். அக்கா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"ப்ரியாவுக்கும் சேத்துதான்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா எடுத்திருக்க மாட்டியா?"

அக்கா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"அப்ப என் மருமவ குளிக்கிற எடம்னா எடுக்கலாம், உன் பொண்ணு குளிக்கிற எடம்னா எடுக்கக் கூடாது. அப்பிடித்தானே மணி?"

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

இந்த வேலையை விடு, இந்த வீட்டை விடு என்று நீ முன்பே பலமுறை சொல்லியிருக்கிறாய். நான் ஏன் அசையவில்லை என்று சரியாகச் சொன்னதில்லை. அப்பா ஆயுள் முழுக்கத் தென்னேரி ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். "செத்தா படுக்கறதுக்குக்கூட அடுத்தவன் வரப்பத்தான் கேக்கணும்" என்பார். அரசாங்கம் இந்த மனைக்குப் பட்டா கொடுத்த அன்று, கையில் மண்ணை எடுத்துப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் பார்த்தேன். அப்போது கோயிலைச் சுற்றி முள் காடு. மண்டபத்தில் ஆடுகள் படுத்திருக்கும். யாருக்கும் வேண்டாத இடம் என்பதால்தான் நமக்குக் கொடுத்தார்கள். அப்புறம் வேலி வந்தது, பலகை வந்தது, நூறு மீட்டர் வந்தது. விற்றுவிட்டுப் போகலாம் என்றால் கட்ட முடியாத மனையை யார் வாங்குவார்? விட்டுவிட்டுப் போகலாம் என்றால் அப்பா கை ஞாபகம் வருகிறது.

மறைப்புக்கு மேல் நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறேன். தார்ப்பாய் கட்டடத்தில் சேராது, விசாரித்துவிட்டேன். வந்து பார்.

வேதியியல் புத்தகம் இத்துடன்.

மணிவண்ணன்

*

ஐயம்பேட்டை
12.9.2024

ப்ரியாவின் அப்பாவுக்கு,

தார்ப்பாய் சேதி கேட்டுச் சந்தோஷம். காற்றில் பறந்து கோபுரத்தில் மாட்டிக்கொண்டால் அதையும் படம் எடுத்து அனுப்புவீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடித்தால் அசிங்கமாகத் தெரியும், இருக்கட்டும்.

மாமாவைப் பற்றி எழுதியது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அவர் மண்ணைப் பிசைந்தது பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான். பேத்தி வானத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு குளிக்க வேண்டும் என்று இல்லை.

இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அண்ணன் வீட்டு முன்னறையில் தறி நிற்கிறது. அவர் கூலிக்கு நெய்கிறார், அது ஓடினால்தான் சோறு. பின்னறையில் அண்ணி, பிள்ளைகள், நாங்கள். போன் பேசினால் வீடே கேட்கும். அதனால்தான் நானும் எழுதுகிறேன், எழுதினால் சத்தம் வராது. காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறும்வரை மூச்சு விட முடிகிறதில்லை. போன வாரம் அண்ணி, "எத்தினி நாள்னு கேக்கலம்மா, சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதான்" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் அன்றிலிருந்து நான் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்வதில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை எப்படி எழுதுவது என்று இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். ப்ரியா முடியை வெட்டிக்கொண்டாள். அண்ணன் தறியில் நூல் அறுக்க வைத்திருக்கும் கத்தரிக்கோலால். நான் கம்பெனியிலிருந்து வந்தபோது பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். முடியைப் பேப்பரில் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தாள். "ஏன்டி" என்று கேட்டேன். "இப்ப யாரும் கண்டுபுடிக்க முடியாதுல்ல" என்றாள்.

அண்ணி அழுதார். ப்ரியா அழவில்லை. நானும் அழவில்லை. மறுநாள் சலூனுக்குக் கூட்டிப்போய்ச் சமமாக வெட்டிவிட்டேன்.

சுகாசினி

*

சிங்கமேடு
6.10.2024

சுகா,

ப்ரியாவைப் பார்த்தேன். உனக்குச் சொல்லியிருப்பாளோ என்னவோ. வாலாஜாபாத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். முதலில் யாரோ பையன் என்று கடந்து போய்விட்டேன். அவள்தான் "அப்பா" என்றாள்.

டீக்கடையில் பால் வாங்கிக் கொடுத்தேன். "பரவால்ல, நல்லாத்தான்மா இருக்குது" என்று தலையைக் காட்டிச் சொன்னேன். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, அந்தக் கோயில யாரும் பாக்காம பூட்டி வெச்சா இன்னா?"

"அப்பிடிப் பூட்ட முடியாதும்மா. எல்லாருக்கும் பொதுவானது அது."

"நம்ம வீடு?"

"அது நம்மளுது."

"அப்ப அத ஏன் எல்லாரும் பாத்தாங்க?"

பஸ் வந்துவிட்டது. நல்லவேளை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு அன்று முழுக்க என்மேலேயே எனக்கு வெறுப்பு.

சம்பூர்ணம் அக்கா சுவரை இடித்துவிட்டார். ஆள் வைக்கவில்லை. தானே கடப்பாரை எடுத்துக் காலையில் ஆரம்பித்தார். சிமென்ட் நன்றாக இறுகியிருந்தது, ஒரு கல் பெயர்க்கவே நேரமானது. நான் டியூட்டி மாற்றிக்கொண்டு போய் நின்றேன். போ என்று சொல்லவில்லை. பெயர்த்த கல்லை எல்லாம் சுமந்து ஓரமாக அடுக்கினேன். மத்தியானத்தில் கடைசிக் கல்லும் பெயர்ந்தது. கடைசியில், "முடிஞ்சிச்சி. இதயும் படம் எடுத்து அனுப்பணும்ல, எடுத்துக்கோ" என்றார். எடுக்க வேண்டியதுதான் விதி. முதல் படம் சரியாக வரவில்லை. அக்கா பொறுமையாக மறுபடி நின்றார்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

மணி

*

ஐயம்பேட்டை
4.11.2024

ப்ரியாவின் அப்பாவுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய துணி அளவு சரியாக இருக்கிறது. ப்ரியா போட்டுக்கொண்டாள். அண்ணன் வீட்டில் கதவு வைத்த குளியலறை. எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. அண்ணி கதவைத் தட்டப் போனார். நான் தடுத்துவிட்டேன். இருக்கட்டும் என்று.

நான் முடிவாக ஒன்று எழுதுகிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறை வாடகைக்கு வருகிறது. என் சம்பளத்தில் எடுத்துவிடலாம். அண்ணி வீட்டில் இனி இருக்க முடியாது. சிங்கமேட்டுக்கும் வர முடியாது. நீங்கள் வாருங்கள். எங்கள் கம்பெனியிலேயே செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். காவல் காப்பது எங்கே காத்தால் என்ன? வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனை எங்கேயும் ஓடாது. அந்த மனையை யாரும் கட்டித் தூக்கிக்கொண்டும் போக முடியாது, உங்கள் சட்டம்தான் இருக்கிறதே.

பொங்கல் வரைக்கும் பார்ப்பேன். அதற்குப் பிறகு நானும் கேட்க மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம்.

மழை ஆரம்பித்துவிட்டது. பின்சுவரில் விரிசல் இருந்தது, கவனமாக இருக்கவும்.

சுகாசினி

*

சிங்கமேடு
8.12.2024

அன்புள்ள சுகாசினிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

புயல் மழையில் பின்சுவர் விழுந்துவிட்டது. நீ சொன்ன அதே விரிசல். நான் கோயிலில் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். ஆயிரம் வருஷத்துக் கற்சுவரில் ஒரு கீறல் இல்லை. என் வீட்டில் சமையல் மேடையோடு சேர்ந்து சுவர் போய்விட்டது. கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. தார்ப்பாயை மறைப்பிலிருந்து அவிழ்த்து வீட்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

தெருவில் பரமசிவம் மாமாவும் இன்னும் சிலரும் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார்கள். கட்டிலையும் பீரோவையும் இழுத்து வைத்தார்கள். போகும்போது மாமா என் காதோரமாக, "சுவர எழுப்பிக்கோ. கூடவே உனக்கு வேணுன்றதயும் எழுப்பிக்கோ. எவனும் வாயத் தொறக்க மாட்டான்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் சுகா, சம்பூர்ணம் அக்கா தன் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் வீட்டை நானே படம் எடுத்து அனுப்பினேன். இடிந்த சுவர், சாய்ந்த கூரை, உள்ளே தெரிகிற நம் அடுப்பு, எல்லாம்.

அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் அம்மா பார்க்க வந்தார். இருந்த அளவிலேயே, இருந்த உயரத்திலேயே பழுது பார்க்க மனு போடலாம், அனுமதி வரும்வரை தொடக் கூடாது என்றார். புதிதாகக் குளியலறை சேர்க்க வழி உண்டா என்று கேட்டேன். தனி வீட்டுக்கு இல்லை என்றார். கிளம்பியவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பஞ்சாயத்து பொது எடத்துல பொதுக் கழிப்பறை, குளியலறை கட்டுனா அதப் பத்தி மேல எழுதிக் கேக்கலாம்" என்றார்.

தலைவரிடம் போனேன். "பொது எடம் எங்கப்பா இருக்குது? உங்க தெருவுல வீட்ட உட்டா கோயிலு, கோயில உட்டா வீடு" என்றார். சரிதான்.

மாடி அறை பற்றி எழுதினாய். அதையும் யோசிக்கிறேன். இன்னொன்றையும் யோசிக்கிறேன், அது இன்னும் எனக்கே தெளிவாகவில்லை.

மணி

*

ஐயம்பேட்டை
10.12.2024

சத்யராஜ் முன்பே வந்து சொல்லிவிட்டான். உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் எத்தனையோ தடவை போன் செய்தேன், அணைந்தே கிடந்தது. கரண்ட் இல்லை என்று எனக்குத் தெரியாதா, தெரிந்தும் அடித்தேன்.

சமையல் மேடைப் பக்கம்தான் நான் காலை நேரத்தில் நிற்பேன். ப்ரியா அங்கேதான் கீழே உட்கார்ந்து படிப்பாள். இதை நீங்கள் நினைத்துப் பார்த்தீர்களா? நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

இப்போது வந்துவிடுங்கள். சுவரே போய்விட்டது. இனி உங்களை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். உங்கள் அப்பா உயிரோடு இருந்தாலும் வா என்றுதான் சொல்வார்.

மாடி அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

சுகாசினி

*

சிங்கமேடு
28.1.2025

அன்புள்ள சுகாசினிக்கு,

பொங்கலுக்கு நான் வரவில்லை. எழுதவும் இல்லை. நீ சொன்ன கெடு முடிந்துவிட்டது. இருந்தாலும் இதை என் கையால் எழுதிச் சொல்லாமல் சத்யராஜ் வாயால் உனக்குத் தெரியக் கூடாது.

குடியரசு தினத்தன்று கிராம சபை. எல்லாரும் கோயில் எதிரில் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கூட்டத்தை முடிக்கப் போகும்போது எழுந்தேன். என் மனையின் பின்பகுதியை, மறைப்பு இருக்கும் இடத்திலிருந்து சம்பூர்ணம் அக்கா வேலி வரைக்கும், பஞ்சாயத்துக்கே எழுதிக் கொடுக்கிறேன், பெண்களுக்குப் பொதுக் குளியலறை கட்டட்டும் என்றேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. இதைச் சொல்லவே குரல் போய்விட்டது. தலைவர், "இன்னொரு தடவ சொல்லுப்பா" என்றார். சொன்னேன்.

"எழுதிக் குடுத்துட்டா திரும்பக் கேக்க முடியாது மணி. உன் பொண்ணுக்குச் சேர வேண்டியது அது" என்றார் பரமசிவம் மாமா.

"என் பொண்ணுக்குத்தான் மாமா குடுக்கறேன்" என்றேன்.

நேற்று பத்திரம் ஆயிற்று. சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. சத்யராஜ் தானே வந்தான், சம்பூர்ணம் அக்கா அவன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.  கையெழுத்துப் போட்ட பிறகு, "உங்கப்பன் இருந்தா உன்ன அடிச்சிருப்பான்" என்றார். படியிறங்கும்போது, "அடிச்சிட்டு அவனும் கையெழுத்து போட்டிருப்பான்" என்றார்.

அனுமதி வருமா, எப்போது வரும் என்று தெரியாது. வராமலும் போகலாம். அப்படியானால் மனையும் போய், குளியலறையும் இல்லாமல் நிற்பேன். இதை உன்னைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நான் நின்றுவிடுவேன் என்று பயந்தேன்.

மணி

*

ஐயம்பேட்டை
3.2.2025

ப்ரியாவின் அப்பாவுக்கு,

நான் கேட்டபோது கிடைக்காதது தெருவுக்குக் கிடைத்திருக்கிறது. உங்களை எல்லோரும் இப்போது பெரிய மனுஷன் என்கிறார்களாம். அண்ணன் நேற்று எங்கள் மாடி அறையில் சாப்பிடும்போது உங்களை அப்படிப் புகழ்ந்தார். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

மனைவியைக் கேட்காமல் மனையை எழுதிக் கொடுத்த பெரிய மனுஷன்.

ப்ரியாவிடம் சொன்னேன். "அங்க எல்லாரும் வருவாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "வரிசையில நிக்கணுமா?" ஆமாம். "நான் அந்தத் தெருவுக்கு வர மாட்டேன்மா. நீ கோவப்படாத" என்றாள். எனக்கு எதற்குக் கோபம்?

பரீட்சை வருகிறது. கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம்.

சுகாசினி

*

சிங்கமேடு
15.6.2025

சுகா,

எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. ப்ரியா பாஸ் என்று சத்யராஜ் சொன்னான். சந்தோஷம்.

அனுமதி போன மாதம் வந்தது. பஞ்சாயத்து வேலையைத் தொடங்கிவிட்டது. பெண்களுக்கு மட்டும். சம்பூர்ணம் அக்கா இடித்த சுவரின் கல்லையும் கொண்டு வந்து கொட்டிவிட்டார். ஒப்பந்தக்காரர் பழைய கல் ஆகாது என்றார். "ஆவும்" என்று அக்கா சொன்ன விதத்தில் அவர் எடுத்துக்கொண்டார்.

என் வீட்டுப் பின்சுவருக்கு மட்டும் இன்னும் அனுமதி வரவில்லை. ஏதோ ஒரு வரைபடம் சரியில்லையாம், மறுபடி கேட்டிருக்கிறார்கள். முன்னறையில் படுத்துக்கொள்கிறேன். பகலில் கோயிலில் நிற்கிறேன், பிறகு இங்கே வருகிறேன். இரண்டுக்கும் நடுவில் தெருவின் அகலம்தான். சில நாள் நான் எதற்குக் காவலாளி, எது எனக்குக் காவல் என்றே தெரியவில்லை.

மாடி அறைக்கு நான் வரலாமா என்று கேட்க எனக்கு வாயில்லை. கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

மணி

*

ஐயம்பேட்டை
20.7.2025

ப்ரியாவின் அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் சிங்கமேட்டுக்கு வந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கோயிலுக்குள் யாரோ கல்யாணப் படம் எடுக்க வந்தவர்களைத் தூணில் சாயக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வேலிக்கு வெளியே இருந்து பார்த்தேன். மெலிந்திருக்கிறீர்கள். சட்டை தோளில் தொங்குகிறது.

நேராகப் பின்பக்கம் போனேன். நான்கு சுவரும் எழும்பிவிட்டது. கதவு வைத்துவிட்டார்கள். கூரைக்கு இன்னும் பலகை அடிக்கவில்லை. சம்பூர்ணம் அக்கா என்னைப் பார்த்ததும், வா என்றுகூடச் சொல்லாமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டார். இரண்டு பேரும் ஈரச் சிமென்ட் வாசனையில் சும்மா நின்றோம். வெளியே தெருவே போய்க்கொண்டிருக்கிறது, யாருக்கும் நாங்கள் தெரியவில்லை. நான் அங்கேதான் அழுதேன். ப்ரியா முடி வெட்டிக்கொண்ட அன்று அழாததெல்லாம் சேர்த்து. அக்கா தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை. "அவன் கெட்டவன் இல்லமா. பயந்தவன். பயந்துக்கினே செஞ்சான் பாரு" என்றார்.

அப்புறம் நம் வீட்டுக்குள் போனேன். பின்சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய். பாத்திரமெல்லாம் கவிழ்த்து அடுக்கி வைத்திருக்கிறீர்கள். ஒருவர் சாப்பிடுகிற வீடு என்று பார்த்தாலே தெரிகிறது. உட்காரவில்லை. சத்யராஜ் ஆட்டோவிலேயே திரும்பிவிட்டேன்.

வந்து யோசித்ததை எழுதுகிறேன். எனக்குக் கோபம் போகவில்லை. என்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபம், நல்ல காரியம் செய்துவிட்டு என்னைக் கோபப்படவும் விடாததற்கு இன்னும் கோபம். ப்ரியா அங்கே வர மாட்டாள். அவளை நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை, நீங்களும் கேட்கக் கூடாது. பிளஸ் டூ முடிக்கும்வரை இந்த மாடி அறைதான் எங்களுக்கு வீடு. இங்கிருந்து அவள் எங்கே போகிறாளோ போகட்டும், சிங்கமேட்டைத் தவிர. நீங்கள் கோயிலை விட்டு வர மாட்டீர்கள் என்பதும் எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. வேலை மட்டும் காரணம் இல்லை. இனி அந்த இடத்தை விட்டு வந்தால், எழுதிக் கொடுத்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடும் உங்களுக்கு.

ஆக, நீங்களும் அங்கிருந்து நகர முடியாது, அவளும் அங்கே வர முடியாது. நடுவில் நான் ஒருத்திதான் போக வர முடியும். இது நியாயம் இல்லை. ஆனால் வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

மாடி அறைக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு வாருங்கள். ப்ரியாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "வரட்டும்" என்றாள். வந்தால் கோயிலைப் பற்றிப் பேச வேண்டாம்.

சனிக்கிழமை கம்பெனி அரை நாள். அன்று சாயங்காலம் நான் அங்கே வருகிறேன். சோறு வடிக்க வேண்டாம், குழம்போடு எடுத்து வருகிறேன். உங்கள் மனுவையும் அந்த வரைபடத்தையும் எடுத்து வையுங்கள், என்னதான் கேட்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

சுகாசினி